பாட்டனார் படித்த எழுத்து



ஜெயங்கொண்டத்திற்கு அண்மையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிற் சுவர்களில் பொறிக்கப்பெற்றுள்ள தமிழைத் தனிப்பயிற்சியின்றிப் படிக்க வல்லார் மிகச் சிலரே. மொழி நம்முடையதே, எழுத்தின் வடிவமே மாறிற்று. எனினும் அம்மாற்றம் பல நூற்றாண்டுகளாகச் சிறுகச் சிறுக நிகழ்ந்தது. பரணில் கிடக்கும் பாட்டனாரின் பாடநூலை எடுத்து விரிக்கும் பேரக்குழந்தை சில எழுத்துகளின் முன் தயங்கி நிற்பதற்கோ ஒரு தலைமுறைக் காலமே போதியதாயிற்று.

எழுத்துத் திருத்தம் தமிழுக்குப் புதியதன்று. இம்மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பதினெட்டாம் நூற்றாண்டில் தங்கித் தொண்டாற்றியவர் வீரமாமுனிவர். அக்காலத்தே எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரித்துக் காட்டியது ஒரு புள்ளியே. ஓலையிற் புள்ளியிடாது எழுதும் வழக்கத்தால் குறில் எது, நெடில் எது என்னும் மயக்கம் நேர்ந்தது. அதனைப் போக்க வடிவ வேறுபாடு வகுத்தவர் அம்முனிவர் என்பர்.

பின்னர்ப் பெரியார் 1935ஆம் ஆண்டில் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு அவற்றுள் 13 எழுத்துகளை ஏற்று ஆணையிட்டது. ணை, லை, ளை, னை ஆகியன யானைத் துதிக்கை போன்ற வளைவை இழந்தன. ணா, றா, னா ஆகியனவும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும், உடலோடு ஒட்டிய சுழியை விடுத்துத் தனிக்காலைப் பெற்றன. குழந்தைகள் கற்பதும், அச்சுக் கோப்பதும், தட்டச்சு செய்வதும் எளிதாயின. இந்நன்மையை எவரும் மறுத்தல் இயலாது.

ஆயினும், எழுதுவதற்கு எளிய வடிவம் வேண்டும் என்பதனால் பழைய வடிவத்தைப் படிக்கவும் மறத்தல் வேண்டுமோ? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சேறிய நூல்களெல்லாம் அவ்வடிவத்திலேயே உள்ளன அன்றோ?

பிறர் செய்திருப்பதைக் காண்போம். அமெரிக்காவில் மாரிஸ் புல்லர் பென்டன் பாடநூல்களுக்கென்றே வரைந்த 'செஞ்சுரி ஸ்கூல்புக்' என்னும் எழுத்து, ஈய அச்சு மறைந்த பின்னும் கணினி எழுத்துருவாக வழங்குகின்றது. கேரளத்தில் 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அருகிய மலையாளக் கூட்டெழுத்துகளை 1999ஆம் ஆண்டில் தோன்றிய 'ரசனா' இயக்கத்தார் கணினிக்கு மீட்டனர்.

தமிழுக்கும் இது கைகூடுவதே. ஒருங்குறி முறையில் 'லை' என்பதற்குரிய குறியீடு பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் ஒன்றே. கண்ணுக்குத் தோன்றும் வடிவை முடிவு செய்வது எழுத்துருவே. ஆகவே ஒரே பாடத்தை இருவகையாகவும் காட்டலாம். ஆனால் மீட்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பழைய தாளில் மை பரவுதலால் கோடுகள் தடித்திருக்கும். அது எழுத்தை வெட்டியவரின் கருத்தன்று. ஓர் எழுத்தைப் பல பக்கங்களில் ஒப்புநோக்கி, அதன் உண்மை வடிவை உணர்ந்த பின்னரே வரைதல் தகும்.

வகுப்பறையில் புதிய எழுத்தே நிற்க. பழைய பாடங்கள் சிலவற்றையேனும் பழைய வடிவிலேயே அழகுற வெளியிட்டு, அந்த 13 எழுத்துகளையும் ஒரு பக்கத்தில் விளக்கித் தந்தால், ஒரு மாலைப்பொழுதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். சோழர் கல்லெழுத்தைப் படிக்க அறிஞர் துணை வேண்டும். பாட்டனார் புத்தகத்தைப் படிக்கப் பேரனுக்கும் அத்தகைய துணை வேண்டியதாகும் நிலை வாராமற் காப்பது நம் கடன்.