பங்கிடலாகாத மண்வெட்டி: விநயத்தின் இரு வழக்குகள்

பௌத்த ஆன்மிகப் பயிற்சியும் கூட்டுறவுப் பொருளாதாரமும் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு விடை நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது: தியானம் வேட்கையைத் தணிக்கும், வேட்கை தணிந்தால் பகிர்வு தானே வரும். துறவிகளின் கூட்டமைப்பான சங்கத்தின் பொதுவுடைமை விதிகளும் துறவியின் பேராசைக்கு இட்ட கடிவாளமாகவே வாசிக்கப்பட்டன. ஆனால் துறவியருக்கான ஒழுங்கு நூலான பாலி விநயத்தில், சுல்லவக்கம் என்னும் பகுதியின் ஆறாம் அதிகாரம் இந்த வாசிப்புக்கு இடம் தரவில்லை.

அங்கே அடுத்தடுத்து இரண்டு வழக்குகள் வருகின்றன. முதலாவது, ஒரு சிற்றூர் உறைவிடம். வருவோர் போவோருக்கெல்லாம் இடம் ஒழுங்கு செய்து கொடுத்தே அங்குள்ள பிக்குகள் அலுத்துப்போகிறார்கள். எல்லாவற்றையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டு, அவருடையதைத் தாம் பயன்படுத்திக்கொள்வது என்று முடிவு செய்கிறார்கள். யாரும் எதையும் சுருட்டவில்லை. தொல்லை விட்டால் போதும் என்றிருக்கிறார்கள்.

இரண்டாவது, கீடாகிரி என்னும் ஊர். புத்தரோடு அவருடைய தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் வருவதாகத் தெரிந்ததும், அங்கிருந்த அஸ்ஸஜி–புனப்பசு என்ற பிக்குகளின் குழுவினர் உறைவிடங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முன்னதாக வந்து இடம் கேட்ட பிக்குகளிடம், புத்தர் விரும்பிய இடத்தில் தங்கலாம், அந்த இருவருக்கும் இடமில்லை என்கிறார்கள். இது கட்சிப் பகை.

இவற்றிலிருந்து பிறந்த விதி, கொடுக்கவோ பங்கிடவோ கூடாதவற்றை ஐந்து வகையாக்குகிறது. தோட்டமும் அதன் நிலமும், விகாரையும் அதன் நிலமும், கட்டில் மெத்தை தலையணை, உலோகப் பானைகளோடு கோடரியும் மண்வெட்டியும், கடைசியாக மூங்கில், புல், களிமண், மட்பாண்டம் வரை. தனியொருவரோ குழுவோ மட்டுமல்ல, சங்கமே கூடினாலும் இவற்றைப் பங்கிட முடியாது. மீறியவருக்கு துல்லச்சயம் என்னும் கடுங்குற்றம் உண்டு. ஆனால் அதைவிட முக்கியமானது, பங்கிட்ட செயலே செல்லாது என்பது. குற்றவாளி மனம் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் மண்வெட்டி பொதுவிலேயே இருக்கும்.

கதைகள் விதிக்குப் பின்னால் சேர்க்கப்பட்டவையாக இருக்கலாம். இருந்தாலும், தொகுத்தவர்கள் ஆபத்தை எங்கே கண்டார்கள் என்பதை அவை காட்டுகின்றன: அலுப்பிலும் பகையிலும். கூட்டுறவு அமைப்புகளை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கு இரண்டுமே பழக்கமானவை. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பின் 1995ஆம் ஆண்டு அறிக்கை, சேமநிதியில் ஒரு பகுதியாவது பங்கிட முடியாததாக இருக்கலாம் என்கிறது. விநயம் இதில் இன்னும் கண்டிப்பானது.

சங்கம் உற்பத்தி செய்யவில்லையே, பிச்சையில்தானே வாழ்ந்தது என்பார்கள். சொத்து எப்படி வந்தது என்பது இங்கே கேள்வியல்ல; வந்த சொத்தைப் பங்கிடலாமா என்பதே கேள்வி. விதி நடைமுறையில் நிற்கவில்லை என்றும் சொல்வார்கள். இலங்கையில் விகாரைச் சொத்து குரு–சீடப் பரம்பரையின் கைக்குப் போனதும், 1931இல் அதற்கெனத் தனிச் சட்டம் தேவைப்பட்டதும் உண்மை. விதி மீறப்பட்டதற்கு அது சான்று; விதியின் நோக்கத்தை அது மாற்றாது.

இலங்கையில் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதயம் என்னும் கிராம மேம்பாட்டு இயக்கம் பற்றிய ஆய்வுகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 1958இல் கனதொலுவ கிராமத்தில் தொடங்கிய சிரமதானம் (உழைப்புக் கொடை) முதல், அவ்வியக்கம் பெரும்பாலும் தானம், இன்சொல், பயனுள்ள செயல், சமத்துவம் என்ற நான்கின் வழியாகவே விளக்கப்படுகிறது. நான்கும் மனிதர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்கின்றன. உழைப்பில் விளைந்த கிணறு யாருடையது என்று சொல்வதில்லை. அதற்கு விடை தேடுபவர், சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு என்று சொல்லும், சர்வோதயக் கிராமச் சங்கங்களின் கலைப்பு விதிகளைக் கீடாகிரி வழக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.