நோயாளியின் வழக்கமும் செவிலியரின் கடமையும் – ஒரு வரலாற்றுப் பார்வை



நம் பிள்ளைகளில் செவிலியர் பணியை நாடிச் செல்வோர் உண்டு. அப்பணியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை இம்மலரில் எழுத விரும்புகிறோம். நோயாளியின் நாடித்துடிப்பைப் பார்ப்பதோடு அவருடைய உணவு, வழிபாடு, கூச்சம், அச்சம் ஆகியவற்றையும் கேட்டறிந்து குறித்துக்கொள்ளவேண்டும் என்று செவிலியர் கல்லூரிகளில் இன்று பாடமாகவே கற்பிக்கிறார்கள். இப்பாடத்தைக் கற்க நம் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது.

1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. முதலில் சேர்ந்த நால்வரில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் ஒருவர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டுக்குள்ளேயே பிரசவ வேதனையில் மாண்டுபோகும் பெண்களை அவர் அறிந்திருந்தார். இலண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர், 1885-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். வெங்கடகிரி அரசர் அதன் கட்டிடத்திற்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தார். 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை' என்பது அதன் பெயர். மக்கள் வாயில் அது 'கோஷா ஆஸ்பத்திரி' ஆயிற்று. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரோடு இன்றும் இயங்குகிறது.

அந்தப் பழைய பெயரைச் சற்றுக் கவனியுங்கள். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்ணின் கூச்சமும், பிறரோடு கலக்க மறுத்த சாதியின் கட்டுப்பாடும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஒன்றா? இதற்குப் பின்னர் வருவோம்.

1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நடந்தது பலருக்கும் தெரிந்ததே. ஒரே இரவில் ஒரு பிராமணரும், ஒரு முஸ்லிமும், வேறொரு உயர்சாதி இந்துவும் தத்தம் மனைவியின் பிரசவத்திற்கு உதவி கேட்டு மருத்துவர் ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினர். மருத்துவர் ஆண், அவர் வரவேண்டாம், மகள் ஐடா வரட்டும் என்றனர். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தனர். அந்த ஐடாதான் மருத்துவராகி 1900-இல் வேலூருக்கு வந்தார். 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சியும் தொடங்கிற்று.

நம் திருச்சபையின் கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கன்னியர் பிரசவ மருத்துவம் பார்ப்பதைச் சபைச் சட்டம் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கராகி, இராவல்பிண்டியில் பர்தாவுக்குள் இருந்த முஸ்லிம் பெண்களுக்காக மருத்துவமனை அமையக் காரணமானார். இத்தடையை நீக்கக் கோரி அந்த முதிய வயதிலும் உரோமைக்குப் பலமுறை சென்று முறையிட்டார். 1913-இல் அவர் இறந்தபோதும் அனுமதி கிடைத்திருக்கவில்லை. அவர் வழியில் வந்த அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். 1936 பிப்ரவரி 11-ஆம் நாள்தான் உரோமை அனுமதி தந்தது. அதாவது, நோயாளியின் வழக்கத்தோடு நம்முடைய வழக்கமும் ஒரு சுவராக நின்றது. அதை நாம் நினைவில் வைப்பது நல்லது.

இவற்றையெல்லாம் ஒரு கல்வித்துறையாகத் தொகுத்தவர் அமெரிக்கச் செவிலியரான மேடலின் லைனிங்கர். 1950-களில் மனநலம் குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, ஒரே விதப் பராமரிப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துவரவில்லை என்று கண்டார். பிறகு நியூகினித் தீவில் கட்சப் மக்களோடு தங்கி ஆராய்ந்தார். நோயாளியின் வழக்கங்களில் சிலவற்றை அப்படியே காக்கலாம், சிலவற்றுக்கு இணங்கிப் போகலாம், சிலவற்றை நோயாளியோடு பேசி மாற்றவேண்டும் என்று மூன்றாகப் பிரித்தார்.

நம் ஊர்ப் பக்கத்துக் காரியங்களை வைத்தே பார்ப்போம். அம்மை கண்டவர் தலைமாட்டில் வேப்பிலை வைக்கிறார்கள். (நம் கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் வைப்பதில்லையா என்ன?) அதனால் யாருக்கும் தீங்கில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பிடுங்கி எறியும் செவிலியரிடம் அந்தத் தாய் வேறு எதையும் மனம்விட்டுச் சொல்லமாட்டாள். இரம்ஜான் நோன்பிருப்பவருக்கு மருந்து வேளையை மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். முடியாதபோது காரணத்தை விளக்கலாம். ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பது அப்படியல்ல. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும், ஆறு மாதம் வரை வேறெதுவும் கூடாது என்பது மருத்துவம். இங்கே இணங்கிப் போனால் குழந்தைக்குக் கேடு. அதட்டினாலோ, செவிலியர் தலை மறைந்ததும் பாட்டி சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிவிடுவாள். ஆகவே பாட்டியிடம்தான் முதலில் பேசவேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்னென்ன என்று கேட்டு, பூண்டும் கருவாடும் நல்லதென்று ஒத்துக்கொண்டு, தண்ணீரைக் குறைக்கவேண்டாம் என்று சொல்கிற செவிலியருக்குப் பாட்டி செவிகொடுப்பாள்.

இனி அந்தப் பெயர்ப் பலகைக்கு வருவோம். கூச்சத்துக்கு இடம் கொடுத்ததால் பெண்கள் பிழைத்தனர். சாதிக்கு இடம் கொடுத்ததாலும் சிலர் பிழைத்திருப்பர், அதை மறுக்கவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் கூச்சம் அடுத்த கட்டிலில் இருப்பவளைத் தாழ்த்துவதில்லை. சாதி தாழ்த்துகிறது. 'இந்த நர்ஸ் என்னைத் தொடவேண்டாம்', 'அவர் பக்கத்தில் கட்டில் வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், அதை வழக்கம் என்று ஏட்டில் எழுதி மரியாதை செய்ய முடியாது என்பதே நமது கருத்து. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பப்பட்ட தமிழ்நாட்டுத் திருச்சபையில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கணவரை இழந்து, பிறகு மருத்துவம் படித்த சௌந்தரம் அம்மையார், காந்தியடிகளின் ஆசியோடு 1940-இல் வேறு சாதியைச் சேர்ந்த கோ. இராமச்சந்திரனை மணந்தார். 1947-இல் சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கைகளோடு ஒரு பிரசவ விடுதியைத் தொடங்கினார். கிராமத்துப் பெண் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அஞ்சுவாள் என்று, அவள் இருக்கும் இடத்திற்கே போனார். தீண்டாமைக்கோ அங்கே இடமில்லை. அந்த இரண்டு படுக்கைகளே பின்னர் காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தன.