கப்பல் காத்திருக்காது: பினாங்கு, புக்கெட்டில் கரையிறங்குவோர் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் பல குடும்பங்கள் தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொண்டு மூன்று, நான்கு இரவு சொகுசுக் கப்பல் பயணத்திற்குப் பதிவு செய்கின்றன. விமான நிலைய அலைச்சல் இல்லை. ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலையும் இல்லை. மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கப்பல் நிலையம் வந்துவிடும். முதியோருக்கு இதைவிட எளிதான பயணம் அரிது. கரையிறங்கும் நாளில்தான் கணக்கு மாறுகிறது. அன்று கைவசம் இருக்கும் நேரம் அட்டவணையில் தெரிவதைவிடக் குறைவு.

காலை 9 மணிக்குப் பினாங்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் இருப்பதுபோல் தோன்றும். கப்பல் துறையில் அணைந்தாலும் துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்த பிறகே இறங்க முடியும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மின்தூக்கிக்கும் வாயிலுக்கும் வரிசை பிடிப்பார்கள். அதற்கு ஒரு மணி நேரம் போகக்கூடும். மறுமுனையில், கப்பல் கிளம்பும் நேரம் வேறு, பயணிகள் அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவது, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். ஆக, ஊர் பார்க்கக் கிடைப்பது ஆறு மணி நேரம்தான்.

நல்லவேளையாகப் பினாங்கில் இது போதும். ஸ்வெட்டன்ஹம் படகுத்துறை ஜார்ஜ்டவுன் நகரின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு தெரியும். அதை ஒட்டிக் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. 1833ஆம் ஆண்டு முதல் நிற்கும் மகாமாரியம்மன் கோயில், குவீன் தெருவில் இருக்கிறது. பல கோயில்களைப் போல மதியம் நடை சாத்தப்படலாம் என்பதால் கோயிலுக்கு முதலில் போய்விட்டு, வாழையிலைச் சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் அதே வட்டாரத்தில்தான். 2008ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதியின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம்.

சிக்கல் தொடங்குவது தண்ணீர்மலை, பினாங்கு மலை, கெக் லோக் சி ஆலயம் மூன்றையும் ஒரே நாளில் திணிக்கும்போது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். பினாங்கு மலை ரயிலுக்கு விடுமுறை நாள்களில் நீண்ட வரிசை இருக்கும். மலையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை இன்னொரு பயணத்திற்கு விட்டுவைப்பதே முதியோருடன் செல்வோருக்கு உகந்தது. தைப்பூச நேரத்தில் போகிறவர்கள் வெள்ளி ரத ஊர்வலத்திற்காகச் சாலைகள் மூடப்படுவதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

கிள்ளான் துறைமுகத்தில் நிலைமை நேர்மாறு. கப்பல் நிற்பது இண்டா தீவில். கோலாலம்பூர் நகர மையத்திற்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும், நெரிசலில் இன்னும் கூடும். பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கி, சாப்பிட்டுத் திரும்பவே நாள் சரியாக இருக்கும். கடைத்தொகுதிகளையும் சேர்த்தால் கடைசி ஒரு மணி நேரம் காருக்குள் கடிகாரத்தைப் பார்த்தபடி கழியும்.

புக்கெட்டில் இரண்டு கவனங்கள் வேண்டும். பெரிய கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புவது உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகுச் சேவை தாமதமாகும், சில நேரம் ரத்தாகும். சக்கர நாற்காலியில் இருப்பவர் படகில் ஏற முடியுமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடவேண்டும்.

மற்றது நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் 1982 முதல் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால் பினாங்கில் குழப்பமில்லை. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பலில் சிங்கப்பூர் நேரமே தொடர்ந்தாலும் கரையேறியதும் கைப்பேசி தாய்லாந்து நேரத்திற்குத் தானாக மாறிவிடும். கைப்பேசி 4 மணி என்று காட்டும்போது கப்பலில் மணி 5. கைப்பேசியில் தானாக மாறும் வசதியை நிறுத்திவிடலாம். கப்பல் நேரத்தில் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் இன்னும் பாதுகாப்பு.

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் பொதுவாக ஏற்கும். சொந்தமாக வண்டி பிடித்தவர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் நேரத்திற்கும் கப்பல் கட்டணம் செலுத்துகிறது என்பதால் மாலுமி தயங்கமாட்டார். பினாங்கில் தவறவிட்டால் சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் கடப்பிதழ் கப்பலில் இருந்தால்? நிறுவனத்தின் விலை கூடுதல் என்பது உண்மை. அருகில் நடந்து பார்க்கும் பினாங்கிற்கு அது தேவையில்லை. தொலைவுக்குப் போகும் கோலாலம்பூருக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் அல்ல. எப்படிப் போனாலும், கப்பலின் அன்றாட நிகழ்ச்சித்தாளில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கப்பல் ஏறினால் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதாகவே பொருள். திரும்புவது புது வருகை. ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர் கப்பல் நிலையத்தில் சிக்கிக்கொள்வார். ஏறும்போதே நிறுவனம் தடுத்துவிட்டால் குடும்பத்தின் விடுமுறையே கலையும், கட்டணமும் திரும்பாது. செல்லும் நாடுகளின் விசா விதிகளையும் கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாவதையும் முன்பணம் கட்டுமுன் பார்க்கவேண்டும்.

கப்பல் வாழ்க்கையில் முதல் கடமை அவசரகாலப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் எங்கே கூடவேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களும் தெரிந்திருக்கவேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடக்கவேண்டும் என்ற அனைத்துலக விதி 2015ல் நடப்புக்கு வந்தது.

தீ அபாயத்தால் இஸ்திரிப்பெட்டி, மின்கெண்டி, ரைஸ் குக்கர் ஆகியவற்றைப் பொதுவாகப் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். அறையில் ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றவும் முடியாது. சைவ உணவு தேவைப்படுவோர் முன்பதிவிலேயே குறிப்பிட்டால் சமையலறை தயாராக இருக்கும். கடல் மயக்கம் வருபவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறை ஏற்றது. சுமத்ரா அரணாக இருப்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானதே.

கப்பலில் மருத்துவர் உண்டு, இலவசம் அல்ல. கட்டணம் அறைக் கணக்கில் ஏறும். மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது என்பதால், கப்பல் பயணத்தையும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கும் பயணக் காப்புறுதி எடுப்பது நல்லது. ஊழியர் சேவைக் கட்டணமும் பல கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று அதே கணக்கில் சேரும். நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் கட்டமைப்பைப் பிடித்தால் கட்டணம் எகிறும். ஏறியதும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடவேண்டும்.

ஏறும் நாளில் பெட்டிகள் அறைக்கு வரச் சில மணி நேரமாகும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் கைப்பையில்தான் இருக்கவேண்டும். கடைசி இரவும் அப்படியே. பெட்டிகளை அறை வாசலில் வைக்குமுன், மறுநாள் உடுத்தும் உடையையும் மருந்தையும் கடப்பிதழையும் வெளியே எடுத்துவிடவேண்டும்.