வெள்ளிக் கரண்டியின் முதுகில் ஒரு சிங்கம்

வெள்ளிச் சாமான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, குத்துவிளக்கு. எடை போட்டு வாங்குகிறோம். பணமுடை வந்தால் எடை போட்டு விற்கிறோம். கடைக்காரர் கழிவைக் கழித்துக்கொண்டு பணம் தருவார், அல்லது அதே எடைக்குப் புதுச் சாமான் தருவார். பழையது மூசைக்குள் போய் உருகிவிடும். பாட்டி காலத்துச் செம்பு இன்று யார் வீட்டுத் தட்டாக இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இங்கிலாந்திலும் பல நூற்றாண்டுகள் இதே கதைதான். வங்கிகள் இல்லாத காலத்தில் பிரபு வீட்டுச் சாப்பாட்டு மேஜையே அவருடைய சேமிப்புக் கணக்கு. பஞ்சம், போர், புது மோஸ்தர், எது வந்தாலும் வெள்ளி உலைக்குப் போகும். 1640-களில் முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகள் தங்கள் வெள்ளிப் பாத்திரங்களை மன்னரிடம் ஒப்படைக்க, அவை நாணயங்களாக அடிக்கப்பட்டுப் படைகளுக்குச் சம்பளமாகப் போயின. 1660-க்கு முந்தைய ஆங்கில வெள்ளி இன்று அரிதாகவும் யானை விலையாகவும் இருப்பதற்கு இப்படி உருகிப் போனது ஒரு முக்கியக் காரணம். இதில் தப்பிப் பிழைத்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

அந்தத் தப்பிப் பிழைத்த சாமான் எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் கையால் ஆனது என்பதை அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஆங்கில வெள்ளியின் விசேஷமே அதுதான். வேறு எந்தப் பழம்பொருளிலும் இவ்வளவு ஒழுங்கான பிறப்புச் சான்றிதழை நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாடு அழகுக்காக வந்ததல்ல, ஏமாற்றைத் தடுக்க வந்தது. சுத்த வெள்ளி மிருதுவானது, கரண்டி செய்தால் வளைந்துவிடும். அதனால் கொஞ்சம் செம்பு சேர்க்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் தட்டாரின் நேர்மை இருக்கிறது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. இதுதான் ‘ஸ்டெர்லிங்’ தரம். 1300-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னர் ஒரு சட்டம் போட்டு, இந்தத் தரத்துக்குக் குறைந்தது விற்கக் கூடாது, சோதித்துப் பார்த்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்த வேண்டும் என்றார். 1363-இல் ஒவ்வொரு பொற்கொல்லரும் தனக்கென்று ஒரு குறியை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் முதலில் மீன், சாவி, நட்சத்திரம் போன்ற படங்கள்தான். எழுத்துகள் பின்னால் வந்தன.

1478-இல் வந்தது ஆண்டு எழுத்து. அந்த ஆண்டு முதல் லண்டன் பொற்கொல்லர் சங்க மண்டபத்திலேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சோதனை நடந்தது. மண்டபத்தில் குத்திய முத்திரை என்பதால் ‘ஹால்’ மார்க். ஒவ்வொரு ஆண்டும் ஓர் ஆங்கில எழுத்து. லண்டனில் ஏ-யில் தொடங்கி, ஜே-யை விட்டுவிட்டு, யு வரை இருபது எழுத்து முடிந்தால் எழுத்தின் வடிவத்தையோ கேடயத்தின் வடிவத்தையோ மாற்றி மறுபடி ஏ. இது நாளைக்கு ஒரு சேகரிப்பாளர் வந்து வயதைக் கண்டுபிடிக்கட்டும் என்று செய்த உபகாரம் இல்லை. தரம் குறைந்த சாமான் பின்னால் பிடிபட்டால், அந்த ஆண்டில் சோதனை செய்த அதிகாரி யார் என்று கண்டுபிடித்துச் சட்டையைப் பிடிக்கத்தான். வங்கியில் வவுச்சருக்கு வவுச்சர் இனிஷியல் போட்டே காலம் கழித்த என்னைப் போன்றவர்களுக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

சோதனை முறை நமக்குப் பழக்கமானதுதான். முதலில் உரைகல். துல்லியமாக வேண்டுமென்றால் சாமானிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, ஈயத்தோடு சேர்த்து எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் புடம் போடுவார்கள். செம்பையும் ஈயத்தையும் சாம்பல் குடித்துவிடும், வெள்ளி மணியாக நிற்கும். முன்னும் பின்னும் எடை போட்டால் மாற்று தெரிந்துவிடும்.

நடக்கும் சிங்கம் வந்தது 1544-இல். எட்டாம் ஹென்றி மன்னர் தன் நாணயத்திலேயே செம்பைக் கலந்து கலந்து மதிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நாணயத்தில் மன்னரின் மூக்குத் தேய்ந்து செம்பு தெரிந்ததால் ‘செம்பு மூக்கர்’ என்று அவருக்குப் பட்டப் பெயரே உண்டு. நாணயத்தை நம்ப முடியாத நாட்டில் கரண்டியையாவது நம்பலாம் என்று சிங்கம் வந்து காவல் நின்றதாகப் பலர் சொல்வார்கள். ஒரு கால் தூக்கி நடக்கும் அந்தச் சிங்கம் இன்றும் ஆங்கில ஸ்டெர்லிங் வெள்ளியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1690-களில் இங்கிலாந்தில் நாணயத்தின் ஓரத்தை வெட்டித் திருடுவது பெரிய தொழிலாகிவிட்டது. வெட்டிய வெள்ளி தட்டார் கைக்குப் போய்ப் பாத்திரமாகும். நாணயமும் பாத்திரமும் ஒரே தரம் என்பதால் வசதியாகப் போயிற்று. 1697-இல் அரசு பாத்திரத்துக்கான தரத்தை மட்டும் உயர்த்தியது. ஆயிரத்துக்கு 958 பங்கு வெள்ளி. சிங்கத்தை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா பெண்மணியின் முத்திரை வந்தது. நாணயத்தை அப்படியே உருக்கி இனிப் பாத்திரம் செய்ய முடியாது. ஆனால் வெள்ளி மிருதுவாகிவிட்டதென்று தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். 1720-இல் பழைய தரம் திரும்பியது. சும்மா திரும்பவில்லை, அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரியோடு திரும்பியது.

நாணயச் சாலைக் கணக்கில் வெள்ளி அவுன்ஸ் 5 ஷில்லிங் 2 பென்ஸ். அதில் 6 பென்ஸ் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 20 அவுன்ஸ் தேநீர்க் கெண்டிக்கு 10 ஷில்லிங் வரி. தட்டார்கள் யோசித்தார்கள். சின்னதாக ஒரு சாமான் செய்து, சோதனைக்கு அனுப்பி, சொற்ப வரி கட்டி முத்திரை வாங்குவார்கள். பிறகு முத்திரை உள்ள துண்டை வெட்டியெடுத்துப் பெரிய கெண்டியின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள்! இப்படிச் செய்தவர்களில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கலைஞரான பால் டி லாமெரியும் உண்டு. பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் குடும்பத்தவர். அவர் கை வேலையைப் பார்த்தவர்கள் வரி ஏய்ப்பை மறந்துவிடுவார்கள். அரசு மறக்கவில்லை. 1750-களின் இறுதியில் முத்திரையைப் போலியாகக் குத்தினால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. வரியையும் எடுத்துவிட்டார்கள். 1784-இல் வரி மறுபடி வந்தபோது, கட்டியதற்கு அடையாளமாக மன்னரின் தலை முத்திரையும் சேர்ந்தது. 1890-இல் வரி ஒழிந்ததும் தலையும் போயிற்று. ஆகவே மன்னர் தலை இருந்தால் அது பெரும்பாலும் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம்.

ஊரைச் சொல்லும் குறி தனி. சிறுத்தைத் தலை லண்டன். 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு. கோட்டை என்றால் எடின்பரோ. நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் 1974 வரை ஷெஃபீல்டு. கடலே இல்லாத பர்மிங்காமுக்கு ஏன் நங்கூரம்? 1773-இல் இந்த இரண்டு ஊர்களும் சொந்தச் சோதனைச் சாலை கேட்டுப் போராடின. பர்மிங்காமுக்காக மேத்யூ போல்டன் முன்னின்றார், நீராவி எந்திர ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி ஆனவரேதான். லண்டனில் அவர்கள் கூடிப் பேசிய விடுதியின் பெயர் ‘கிரவுன் அண்ட் ஆங்கர்’. அதிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்களாம். கதையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் நல்ல கதை.

நீலகிரியில் நான் வேலை பார்த்த காலத்தில் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருந்தார். வெள்ளைக்கார துரை ஊருக்குக் கிளம்பியபோது பங்களா சாமான்களை ஏலம் விட்டதில் அவருடைய மாமனார் எடுத்த பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. உள்ளே நீல வெல்வெட், பன்னிரண்டு கரண்டி, பன்னிரண்டு முட்கரண்டி, ஒரு மூலையில் கறுத்துப் போன சர்க்கரை இடுக்கி. பேத்தி கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் உருக்கிக் கொலுசும் தட்டும் செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. “சார், குறைஞ்சது ஒன்றரைக் கிலோ தேறும்” என்றார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கரண்டிகளின் முதுகில் நான்கு சின்னக் கேடயங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எழுத்து: ஈ, பி, என், எஸ். பக்கத்தில் ‘ஏ1’. தூரத்திலிருந்து பார்த்தால் ஹால்மார்க் மாதிரியே இருக்கும், இருக்க வேண்டும் என்றுதான் அப்படிக் குத்தினார்கள். நிக்கல் சில்வர் மேல் மின்முலாம் பூசியது என்பதன் சுருக்கம் அது. நிக்கல் சில்வரில் பெயருக்குக்கூட வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் கம்பெனி மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, நடுத்தரக் குடும்பங்களின் மேஜைகளெல்லாம் இப்படிப் பளபளத்தன. ‘ஷெஃபீல்டு’ என்று ஊர்ப் பெயரை முழுசாக எழுதியிருந்தால்கூட எச்சரிக்கை வேண்டும். அசல் பழைய வெள்ளிக்குக் கிரீடம் போதும், பெயர் எழுத வேண்டியதில்லை.

நண்பர் முகம் வாடிவிட்டது. “அப்ப அந்த இடுக்கியையும் தூக்கிப் போட வேண்டியதுதானா?” என்றார். அதைத் துடைத்தோம். கால்களின் உட்பக்கம் சிங்கம், நங்கூரம், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலை, ஓர் எழுத்து, செய்தவரின் இரண்டு எழுத்து. சுமார் இருநூறு வயது! எடை நாற்பது கிராம்கூட வராது. உருக்கினால் ஒரு குங்குமச் சிமிழுக்கும் பற்றாது. அதனாலேயே அது பிழைத்தது. கல்யாணத்துக்கு வேறு வழியில் பணம் புரட்டினார்கள். இடுக்கி பேத்தியோடு போயிற்று.

முத்திரை அசலாக இருந்தால் மட்டும் போதாது, சாமானும் பிறந்த மேனியாக இருக்க வேண்டும். பீர்க் குவளைக்கு மூக்கு வைத்து ஜாடியாக்குவது விக்டோரியா காலத்தில் சகஜம். பதினெட்டாம் நூற்றாண்டின் எளிமையான மேஜைக் கரண்டிகளில் திராட்சை, பேரி என்று பழங்களைப் புடைத்துத் தங்க முலாம் பூசி ‘பெர்ரி ஸ்பூன்’ ஆக்கினார்கள். பார்க்க ஜோராக இருக்கும், சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். பழைய சொந்தக்காரரின் குடும்பச் சின்னத்தைத் தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும். வாயால் ஊதி ஆவி படிந்ததும் பார்த்தால் அழிந்த கோடுகள் சில சமயம் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்வாங்கும். முட்கரண்டியில் பற்கள் தேய்ந்து குட்டையாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெழுகுவர்த்தித் தாங்கிகளை எடையை நம்பி வாங்கக் கூடாது. உள்ளே பிசினும் கனத்துக்கான சரக்கும் அடைத்திருப்பார்கள்.

கரண்டிக் காம்பின் நுனியும் வயது சொல்லும். நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முன்பாதி. அப்போது கரண்டியைக் குப்புற வைப்பது வழக்கம், ஆகவே குடும்பச் சின்னமும் முதுகில்தான் இருக்கும். பிற்பாதியில் நுனி கீழ்நோக்கித் திரும்ப, சின்னமும் முன்பக்கம் வந்துவிட்டது.

செய்தவர் பெயருக்கும் விலை உண்டு. சாய்வெழுத்தில் ‘எச் பி’ என்று இருந்தால் அது ஹெஸ்டர் பேட்மன். 1760-இல் கணவர் இறந்தபோது பட்டறைச் சாமான்களை மனைவி பெயருக்கே எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு தன் முத்திரையைப் பதிவு செய்தபோது அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். பிள்ளைகளோடு சேர்ந்து 1790 வரை தொழில் நடத்தினார். நாம் ஓய்வுக்கு நாள் எண்ணத் தொடங்கும் வயதில் அவர் தொழிலே தொடங்கியிருக்கிறார்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் என்றால் கடிகாரம்தான் நமக்கு ஞாபகம். அவர்கள் வெள்ளிச் சாமானும் செய்தார்கள். ஆங்கிலேயர் வடிவத்தில் தேநீர்க் கெண்டி, அதன் உடம்பைச் சுற்றி நம் கோயில் விக்கிரகங்கள் போல் தெய்வ உருவங்கள். ‘சுவாமி’ வேலைப்பாடு என்றே இதற்குப் பெயர். இவற்றில் சிங்கமும் சிறுத்தையும் இருக்காது, ஏனென்றால் அந்தக் காலச் சென்னையில் வெள்ளிச் சாமானுக்கு முத்திரை குத்தும் அரசுச் சோதனைச் சாலை எதுவும் இருக்கவில்லை. கம்பெனியின் பெயர் முத்திரைதான் சாட்சி. சிங்கத்தைக் காணோம் என்று உள்ளூர்க் கடையில் உருக்கக் கொடுத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் விபூதி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். சுவாமி விளக்குக்கு அது சரி. இருநூறு வருஷத்து முத்திரை ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து வைத்தால் போதும். உப்புக் கிண்ணமாக இருந்தால் உப்பை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். உப்பு வெள்ளியை அரித்துவிடும் என்பதால்தான் அதன் உட்புறத்துக்குத் தங்க முலாம் பூசினார்கள்.