அரை மணிச் சோறு

1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களைக் கேட்டிருந்தால் குறைகள் அடுக்கடுக்காக வந்திருக்கும். உலகப் போர் அரிசி விலையை ஏற்றிவிட்டிருந்தது. கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. மேஸ்திரிகளின் வசவு தனி. இவற்றோடு சேர்ந்து ஒலித்த இன்னொரு முறையீடு, சோற்றுக்கு விடும் அரை மணி போதவில்லை என்பது. எந்திரத்தை விட்டு வெளியே வந்து, கைகால் கழுவி, தூக்கைத் திறந்து, நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டும்.

நேரத்தைத் திட்டமிடுவது பற்றி இன்று வரும் புத்தகங்கள், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று வகுப்பெடுக்கின்றன. நாளின் மணிகள் அவரவர் கையில் இருக்கின்றன என்பது அவற்றின் அடிப்படை. ஆலைக்குப் போனவர்களுக்கோ அந்த மணிகளைக் கைக்குக் கொண்டுவருவதே முதல் வேலையாக இருந்தது. அதற்குப் பிடித்த காலம் அரை நூற்றாண்டுக்கும் மேல்.

ஆலைக்கு முந்தைய வாழ்க்கை ஓய்வாக ஓடியது என்று நினைத்துவிட வேண்டாம். கைத்தறி நெசவாளரும் விடிந்தது முதல் இருட்டும்வரை தறிக்குழியில் கால் வைத்தவர்தான். ஆனால் எப்போது எழுந்து கஞ்சி குடிப்பது என்பதை அவர் வயிறு முடிவு செய்தது. தச்சரும் கொத்தரும் பல ஊர்களில் அமாவாசையன்று கருவியைத் தொடுவதில்லை. நாளுக்கு அறுபது நாழிகை என்ற கணக்கு இருந்தாலும், ஊராருக்குப் பொழுதைச் சொன்னது வெயிலும் கோயில் மணியும்தான். பண்ணையாளின் நிலை வேறு. அவர் பொழுது முழுக்கப் பண்ணையாருடையது; அதை அளக்க யாருக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை.

கடிகாரம் வேறு வழியாக வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானியல் ஆய்வுக்கூடம் சென்னைக்கென்று ஒரு நேரத்தைக் கணித்துக் கொடுத்தது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் ஓடும் நேரம் அது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியபின் நிமிடத்துக்கும் மதிப்பு வந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் விழுந்ததால் சென்னை நேரமே இந்திய ரயில்வே முழுவதற்கும் பொது நேரமானது. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது சென்னை தன் கடிகாரங்களைச் சுமார் 9 நிமிடம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டது.

தொழிலாளியின் குடிசையில் கடிகாரம் இல்லை. அவருக்கு மணி சொன்னது ஆலைச் சங்கு. பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் சங்குச் சத்தத்துக்குத்தான் வடசென்னையின் அடுப்புகள் எரிந்தன. பிந்திப் போனவருக்கு வாசல் அடைபட்டிருக்கும், இல்லையென்றால் கூலியில் பிடித்தம் விழும்.

சட்டம் நகர்ந்தது மெதுவாக. 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலையை 9 மணி நேரத்தோடு நிறுத்தியது. பெரியவர்களைப் பற்றிப் பேசவில்லை. 1891-இல் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு, எல்லோருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, நண்பகலில் அரை மணி இடைவேளை ஆகியவை கிடைத்தன. சங்கு ஊதியபின் வீடு திரும்பிய பெண்ணுக்காகக் காத்திருந்த அடுப்பு வேலை எந்தக் கணக்கிலும் சேரவில்லை. மின்விளக்கு வந்ததும் இருட்டு என்ற இயற்கை வரம்பும் போயிற்று. விளக்கொளியில் ஆலைகள் நாளை நீட்டின.

ஆண்களுக்கு வரம்பு வேண்டுமா என்று ஆராய 1907-இல் அரசு ஒரு குழு அமைத்தது. வளர்ந்த ஆணின் வேலை நேரத்தில் சட்டம் தலையிட வேண்டாம் என்பது பெரும்பான்மையின் கருத்து. சென்னை மருத்துவர் டி.எம். நாயர் அதற்கு உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். 1911-இன் சட்டம் துணி ஆலை ஆண்களுக்கு 12 மணி நேர உச்சவரம்பு விதித்தது. நாயர் பின்னாளில் நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். அன்னி பெசன்டின் சுயாட்சி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர். சென்னைத் தொழிலாளருக்கு அடுத்துத் துணை நின்றதோ பெசன்டின் கூட்டாளியான பி.பி. வாடியா. மேடைகளில் முட்டிக்கொண்ட இரு தரப்பும் ஆலைக் கடிகாரத்தின் முன் ஒரே பக்கம் நின்றிருக்கின்றன.

வாடியாவை ஆலை வாசலுக்கு அழைத்துவந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். ஆலைக்கு அருகே பக்திச் சொற்பொழிவுக்காக அவர்கள் நடத்திய சபைக்கு வேலை முடிந்து தொழிலாளர்கள் வருவார்கள். உபன்யாசம் கேட்க வந்தவர்கள் தங்கள் பாட்டையும் பேசத் தொடங்கினார்கள். ஆலை மிச்சம் வைத்த சொற்ப நேரத்தில் நடந்த அந்தப் பேச்சிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சங்கம் முன்வைத்த முதல் கோரிக்கைகளுக்குள் உணவு இடைவேளையை நீட்டுவதும் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உலகுக்கு வரையறுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ விலக்குக் கொடுத்து வாரத்துக்கு 60 மணி என்று எழுதினார்கள். 1922-இன் சட்டம் அந்த 60-ஐ அப்படியே ஏற்றது. ஆனால் இடைவேளை ஒரு மணி நேரமாயிற்று. சோறு கொஞ்சம் நிதானமாக இறங்கியது.

1923 மே 1-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. எட்டு மணி நேரம் உலகெங்கும் அந்த நாளின் முழக்கம். இங்கே அது சட்டமாவதற்குள் ஏறக்குறைய கால் நூற்றாண்டு போய்விட்டது. ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு 1934-இல் வாரம் 54 மணி என்றானது. 1946-இல் 48 ஆனது. சுதந்திர இந்தியாவின் 1948 சட்டம் 48-ஐ உறுதிசெய்து, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது.

கணக்கு அதோடு மூடப்படவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழ, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. கடற்கரை மே தினத்துக்கு நூறு ஆண்டு நிறைந்த அந்த மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் பேசிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தார்.