கரையில் நின்ற பயம்

முப்பத்தெட்டு வயதில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். நீச்சல் என்பதுகூடப் பெரிய வார்த்தை. தலையைத் தண்ணிக்குள்ள விடக் கற்றுக்கொண்டேன். அதற்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. கை கால் அடிப்பது அப்புறம் பதினைந்து நாளில் வந்துவிட்டது. அந்த மூன்று மாதம் ஏன் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதை என் சொந்தக் கதையாக மட்டும் வாசிக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் மூன்று பெரிய கெணறுகள். மூன்றும் தோட்டத்துக் கெணறு, படிக்கட்டு வைத்துக் கட்டியவை. கோடை லீவில் ஊர்ப் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுவார்கள். பழகியவர்கள் மோட்டார் ரூம் மேலே ஏறிக் குதிப்பார்கள். தண்ணியில் 'தொம்' என்று விழும் சத்தம் சேரிவரைக்கும் கேட்கும். எங்களுக்கு நீச்சல் என்றால் அந்தச் சத்தம்தான்.

அதில் ஒரு கெணற்றை வெட்டியது எங்க தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும். பாறைக்கு வேட்டு வைத்து, கல்லையும் மண்ணையும் சுமந்து மேலே ஏற்றியது அவர்கள்தான். தண்ணி ஊறிய அன்றைக்கு ஊர்க்காரர்கள் பொங்கல் வைத்தார்கள். அன்னையோட தாத்தா அதுக்குள்ள எறங்குறது முடிஞ்சு போச்சு. பிறகு வறட்சி வந்து தூர் வாரும்போது மட்டும் கூப்பிடுவார்கள். சேறு அள்ளலாம், தண்ணி தெளிந்த பிறகு வாளி போடக்கூடாது.

அம்மா எங்களைத் தண்ணிப் பக்கமே விடாது. "கெணத்துக்குள்ள முனி இருக்கு, காலப் புடிச்சு இழுத்துரும்" என்று சொல்லும். எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் மட்டும் முனிக்குப் பயப்படாமல் ஒரு மத்தியானம் குதித்துவிட்டான். அன்று சாயங்காலம் பெரியப்பாவைச் சாவடிக்கு முன்னால் நிறுத்தி அபராதம் போட்டார்கள். மோட்டார் போட்டுக் கெணற்றுத் தண்ணி முழுவதையும் இறைத்து வெளியே விட்டார்கள். முனி யார் என்று எங்களுக்கு அன்றைக்குப் புரிந்தது.

அந்த அண்ணன் அதற்குப் பிறகு குளிக்கப் போனது கல்குவாரிக் குட்டைக்கு. அது யாருக்கும் வேண்டாத தண்ணி. படி கிடையாது, ஆழமும் தெரியாது. பதினாறு வயதில் அவனை அங்கேயிருந்துதான் தூக்கி வந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயசு. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயம் இயற்கையானது என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். மூச்சு முட்டும் பயம் இயற்கைதான். ஆனால் யாருக்கு எந்த வயதில் அந்தப் பயம் போகிறது, யாருக்குச் சாகும்வரை போவதில்லை என்பதை இயற்கை முடிவு செய்வதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1923-இல் பம்பாய் சட்டமன்றம், எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்றது. மகாத் நகராட்சி 1924-இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924-இல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் மகாத்தில் மூன்று வருடம் யாரும் குளத்தில் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே மாநாடு நடந்தது. குளம் பக்கத்திலேயே இருக்கிறது. மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க நாற்பது ரூபாய்க்குத் தண்ணி விலைக்கு வாங்கினார்கள். 20-ஆம் தேதி அம்பேத்கர் ஊர்வலமாகப் போய்க் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கூட வந்த ஆயிரக்கணக்கானவர்களும் குடித்தார்கள். அன்றைக்கே அடி விழுந்தது. பிறகு 108 பானைகளில் சாணி, மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்து ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். மாடு குடித்துப் போனபோது தீட்டாகாத குளம் அது. வழக்கு பத்து வருடம் நடந்தது. 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அள்ளிக் குடிப்பதற்கே இந்தப் பாடு. அப்படியென்றால் முழுகுவது என்ன? உள்ளங்கை மட்டுமல்ல, உச்சி முதல் பாதம் வரை மொத்த உடம்பும் தண்ணியைத் தொடுகிறது. தீட்டு என்று சொல்லுகிறவனுக்கு அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. இதைத் தெரிந்துதான் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் கிணறு, குளம் என்பதோடு குளிக்கும் துறை என்றும் தனியாக எழுதி வைத்தார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 1964 ஜூன் 18 அன்று அமெரிக்காவில், புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரத்தில், ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கிப் போராடினார்கள். அவர்கள் தண்ணிக்குள் இருக்கும்போதே விடுதிக்காரர் அமிலத்தைக் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினார். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் கறுப்பர்களோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளமே வேண்டாம் என்று பொது நீச்சல் குளங்களை மூடினார்கள். அது தப்பில்லை என்று 1971-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நீந்தத் தெரியாத அப்பா அம்மா பிள்ளையையும் தண்ணியிலிருந்து விலக்கித்தான் வளர்க்கிறார்கள். தடை போன பிறகும் இப்படித்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருகிறது.

இனி என் மூன்று மாதத்துக்கு வருகிறேன். நகரத்தில் ஒரு பொது நீச்சல் குளம். சொல்லிக்கொடுத்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வைக்கச் சொன்னார். வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டேன். "மூச்சப் புடிச்சு வைக்காதீங்கண்ணே, தண்ணிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா விடுங்க" என்றார். மூச்சு முட்டுவது பிராணவாயு தீர்ந்துபோனதால் அல்ல, கரியமில வாயு சேருவதால் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாயால் இழுத்து, உள்ளே போய்க் குமிழி குமிழியாக விட்டுப் பழகினேன். ஐந்து எண்ணும்வரை, பிறகு பத்து. இன்னொரு நாள் நெஞ்சு நிறைய காற்றை இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை. தண்ணி என்னை மேலே தூக்கிவிட்டது. காலைப் பிடித்து இழுக்கும் என்று அம்மா சொன்ன தண்ணி!

மூச்சுப் பயம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. ஆனாலும் தலை முழுசாக உள்ளே போன மறு நொடியில் பதறி எழுந்துவிடுவேன். இப்படியே வாரக்கணக்கில் போனது. ஒருநாள் அந்தத் தம்பி கேட்டார்: "எந்திரிச்ச ஒடனே கரையப் பாக்குறீங்களே, யாரத் தேடுறீங்கண்ணே?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க யோசித்தேன். தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது கரை தெரியாது. கரையில் யார் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாது. என்னைப் பதற வைத்தது ஆழம் அல்ல. ஒன்பது வயதில் அண்ணன் பிணத்தையும், அதற்கு முன்னால் சாவடியில் பெரியப்பா கைகட்டி நின்றதையும் பார்த்த கண்தான் கரையைத் தேடியது.

மறுநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தச் சாதி என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தண்ணிக்குள் இறங்கி என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து முழுகினோம். அன்றைக்குத்தான் தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து தரையில் இருந்த நீல ஓடுகளைப் பார்த்தேன். பயம் அன்றோடு போகவில்லை. இன்னும் சில வாரம் எடுத்தது. ஆனால் அது என்ன பயம் என்று தெரிந்துவிட்டதால் அதோடு மல்லுக்கட்ட முடிந்தது.

பிறகு என் மகளைச் சேர்த்தேன். அவள் ஒரு வாரத்தில் குதித்தாள். அதைப் பார்க்க அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து சுவரோரமாக நின்றது. பேத்தி முழுகி எழுவதைப் பார்த்துக்கொண்டே என் காதருகில் மெதுவாகக் கேட்டது: "இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாப்பா?"

தோழர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நாம் குடிதண்ணிக்குப் போராடுகிறோம், போராடத்தான் வேண்டும். வேங்கைவயலில் குடிதண்ணித் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில்தான். ஆனால் குவாரிக் குட்டையில் செத்துப்போகும் நம் பிள்ளைகளின் சாவை விபத்து என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். படி வைத்த கெணறு பக்கத்தில் இருக்கும்போது அவர்கள் ஏன் குட்டைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். குளிக்கும் துறையும் நம்முடையது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சேரிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்பதை நம் கோரிக்கைகளில் ஒன்றாக எழுதிக்கொள்வோம். கற்றுக்கொள்ளாத பெரியவர்களும் வெட்கப்படாமல் இறங்குங்கள். முதலில் மூச்சை விடப் பழகுங்கள். கரையில் யாராவது நிற்கிறார்களா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.