டாவர் இளம்புழு: ஆய்வு வரலாறு

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு ஆகும். மண்ணிலும் அழுகும் பழங்களிலும் உள்ள பாக்டீரியாக்களைத் தின்று வாழும் இப்புழு, உணவு தாராளமாக இருந்தால் நான்கு இளம்புழு நிலைகளைக் கடந்து சுமார் 3 நாள்களில் முதிர்ச்சி அடைகிறது. உணவு குறைந்து, கூட்டம் பெருகி, வெப்பமும் உயர்ந்தால் அதன் வளர்ச்சி வேறு வழியில் திரும்புகிறது. இரண்டாம் தோலுரிப்புக்குப் பின், வாய் அடைபட்ட, உறுதியான மேல்தோலுடைய 'டாவர்' இளம்புழுவாக அது மாறுகிறது. டாவர் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு நீடித்திருத்தல் என்று பொருள். முதிர்ந்த புழு சில வாரங்களே வாழும். டாவர் புழுவோ உண்ணாமலே சில மாதங்கள் உயிருடன் இருக்கும். உணவு கிடைத்ததும் வளர்ச்சியைத் தொடரும்.

ஆய்வின் தொடக்கம்

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர் 1963-இல் இப்புழுவை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்; 1974-இல் அதன் மரபியலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே கசாடா, ரசல் ஆகிய இருவரும் பயனுள்ள ஓர் உண்மையைத் தெரிவித்தனர். சலவைத்தூள் போன்று செயல்படும் சோடியம் டோடெசைல் சல்பேட்டின் 1% கரைசலில் மற்ற நிலைப் புழுக்கள் இறந்துவிடும். டாவர் புழுக்கள் பிழைக்கும். இக்கரைசல் ஒரு சல்லடையாகப் பயன்பட்டது. உணவு நிறைந்த தட்டிலும் டாவராக மாறும் புழுக்களை இதன்மூலம் பிரித்தெடுக்கலாம். அவற்றின் மரபணுவில் பிழை உள்ளது என்று பொருள். பஞ்சத்திலும் டாவராக மாறாத வேறு பிழையுடைய புழுக்களும் கண்டறியப்பட்டன. டொனால்டு ரிடில் குழுவினர் இரு பிழைகளை ஒரே புழுவில் சேர்த்துப் பார்த்து, எந்த மரபணு முன்னே, எது பின்னே இயங்குகிறது என்பதை 1981-இல் வரிசைப்படுத்தினர். கூட்ட நெரிசலைப் புழுக்கள் தாமே வெளியிடும் ஒரு வேதிப்பொருளின் அளவால் உணர்கின்றன என்பதை 1982-இல் கோல்டனும் ரிடிலும் காட்டினர்.

முதுமையும் இன்சுலினும்

டாஃப்-2 என்னும் மரபணுவில் மாற்றம் உள்ள முதிர்ந்த புழுக்கள் இரு மடங்குக்கு மேல் வாழ்வதை 1993-இல் சிந்தியா கென்யன் குழுவினர் கண்டனர். அம்மரபணு மனிதரின் இன்சுலின் ஏற்பியை ஒத்த புரதத்தை உருவாக்குகிறது என்று 1997-இல் கேரி ருவ்குன் குழுவினர் நிறுவினர். நல்ல காலத்தில் இந்த ஏற்பி, டாஃப்-16 என்னும் புரதத்தை உட்கருவுக்கு வெளியே நிறுத்துகிறது. சமிக்ஞை குறைந்தால் அப்புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, இடர் தாங்கும் மரபணுக்களை இயக்குகிறது.

முக்கியத்துவம்

மனிதரைத் தொற்றும் கொக்கிப்புழுவின் மூன்றாம் நிலை இளம்புழுவும் டாவரைப் போலவே உண்ணாமல் மண்ணில் காத்திருக்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றபின் வளர்ச்சியைத் தொடர்கிறது. எனவே இவ்வாய்வு நோய்த்தடுப்புக்கும் தொடர்புடையது. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரு புழுக்களில் ஒன்று முதிர்கிறது, மற்றொன்று காத்திருக்கிறது. மரபணு என்பது மாற்ற முடியாத தலையெழுத்து அன்று; சூழலைக் கேட்டு விடையளிக்கும் ஏற்பாடும் அதில் அடங்கியுள்ளது என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.